எங்கள் முன்னறை ஆர்கனும் உங்கள் டெட்ராயிட் டீக்கனும்

இல்ஃபோர்டு,
30 ஆகஸ்ட் 1979, வியாழக்கிழமை.

'டெம்போ' இசை வார இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

ஹோரஸ் பென்ஃபோல்டு மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி மேவிஸும், அவளுடைய இடது முழங்கால் நீங்கலாக, சுகமே. தங்கள் இதழை நான் வாங்கும் வழக்கமில்லை. ஆயினும் சென்ற வார இதழ் எங்கள் வீட்டில் நான்கு பிரதிகள் கிடக்கின்றன. ஒன்று சமையலறையில், ஒன்று மாடிப்படியில், ஒன்று குளியலறையில், ஒன்று என் மகன் நெவிலின் தலையணைக்கு அடியில். எங்கே திரும்பினாலும் பதினோராம் பக்கம் என்னைப் பார்க்கிறது. அந்தப் பக்கத்தில் தங்கள் விமர்சகர் திரு. கிரிஸ்பின் லேல் அவர்கள் 'சைடு வெண்ட்ஸ்' என்ற இளைஞர் குழு எப்படி வளர்ந்தது, அதன் இசைக்கு எங்கெங்கிருந்து ஊற்று என்று விரிவாக எழுதியிருக்கிறார். நன்றாகவே எழுதியிருக்கிறார். அதில் உண்மை குறைவு என்பதே என் சிறு முறையீடு.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழுவில் ஆர்கன் வாசிப்பவர், கட்டுரையில் கண்டபடி டெட்ராயிட் நகரத்திலிருந்து வந்த 'டீக்கன்', அதாவது சபை உதவிக்காரர், என்னும் மர்ம அமெரிக்கர் அல்லர். அது நான். வயது ஐம்பத்திரண்டு. வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் கணக்கெடுக்கிறேன். குழுவில் பாடும் நெவில் என் மகன். இந்த நான்கு வரிகளை அடுத்த இதழில் போட்டால் போதும். நான்கு வரியோடு நிறுத்தினால் தாங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

'கிழக்கு லண்டன் தெருக்களின் கோபத்தில் பிறந்த குழு' என்று திரு. லேல் எழுதுகிறார். அது பிறந்தது எங்கள் முன்னறையில், ஜனவரி மாதம், மழை நாளில். தெருவில் குளிர் தாங்காது, எங்கள் வீட்டில் ஹீட்டர் இருக்கிறது, அதனால்தான் உள்ளே வந்தார்கள். நெவில் கிட்டார், அவன் தோழன் ட்ரெவர் பேஸ் கிட்டார், கிரஹாம் டிரம்ஸ், இயன் ஆர்கன். நான்கு பேருக்கும் பதினெட்டு வயது. நான்கு பேரும் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய மாட்ஸ் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்கள். அதாவது ஒட்டத் தைத்த கோட்டு, ஒல்லி டை, அதன்மேல் ராணுவப் பச்சையில் தொளதொளவென்று ஒரு பார்க்கா, வாசலில் ஒரு ஸ்கூட்டர். கோட்டின் பின்னால் இரண்டு ஓரத்திலும் விடும் வெட்டுக்குத்தான் சைடு வெண்ட் என்று பெயர். அந்த வெட்டு ஐந்து அங்குலமா ஏழு அங்குலமா என்று இரண்டு வாரம் சண்டை போட்டார்கள். அந்த இரண்டு வாரமும் ஒரு பாட்டுகூடப் பழகவில்லை. கடைசியில் மேவிஸ் இஞ்ச் டேப்போடு வந்து, "ஆறு. இதுக்குமேல யாராச்சும் வாயத் திறந்தீங்க, டீ கிடையாது" என்று தீர்ப்புச் சொன்னாள். திரு. லேல் 'சமரசமற்ற அழகியல்' என்று குறிப்பிடுவது இதையே என்று நினைக்கிறேன்.

இசை ஊற்றுகளைப் பொறுத்தவரை, சனிக்கிழமைச் சந்தையில் பழைய இசைத்தட்டு வாங்கி வந்தார்கள். டெட்ராயிட் போன்ற ஊர்களிலிருந்து வந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் பாட்டுகள் பாதி, அதைக் கேட்டு நம் ஊர்ப் பையன்கள் அந்தக் காலத்தில் சூடு பறக்கப் பாடியவை மீதி. 1964ஆம் வருஷம் இதே பாட்டுகளைப் பக்கத்து வீட்டில் வைத்தபோது சுவரைத் தட்டிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னவன் நான். இப்போது அதே சுவருக்கு இந்தப் பக்கம் அதே பாட்டு, தட்டுவது பக்கத்து வீட்டுக்காரர். அதே 1964இல் மே மாத விட்சன் பண்டிகை விடுமுறைக்கு மார்கேட் கடற்கரைக்குப் போயிருந்தோம். நெவிலுக்கு மூன்று வயது. மாட்ஸ் கும்பலுக்கும் தோல் சட்டை மோட்டார் சைக்கிள் கும்பலுக்கும் அடிதடி மூண்டு, பார்க்கா போட்ட ஒருவன் மேவிஸ் உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியை அவளுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடினான், எதிராளி மண்டையில் போட. மேவிஸ் மணலில். இந்த ஜனவரியில் நெவில் அதே பச்சைப் பார்க்காவை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தபோது அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "என் நாற்காலி எங்கடா?" என்றாள். 'டீக்கன் 64ஆம் ஆண்டுக் கடற்கரையில் இருந்தவர் என்று கேள்வி' என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அது மட்டும் சரி. இருந்தேன். சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மே மாதக் கடைசியில் இயன் விழுந்தான். மாட்ஸ் ஸ்கூட்டருக்கு முன்னால் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிகளை வரிசையாக வைப்பது வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. இயன் பதினாறு வைத்திருந்தான். சவுத்எண்ட் கடற்கரைக்குப் போகிற வழியில் பின்னால் வந்த நண்பர்கள் அவனுக்குப் பதினாறு தடவை தெரிந்தார்கள், முன்னால் நின்ற பால் வண்டி ஒரு தடவைகூடத் தெரியவில்லை. மணிக்கட்டு முறிந்தது. ஆறு நாளில் ப்ளூ ஆங்கர் பப்பில் அவர்களுடைய முதல் பெரிய நிகழ்ச்சி. நான் இருபத்திரண்டு வருஷமாக எங்கள் மெதடிஸ்ட் சபையில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிக்கிறவன். முன்னறையில் நிற்கும் ஆர்கனும் என்னுடையது. ஐந்து மாதமாகக் கதவிடுக்கு வழியாகக் கேட்டுக்கேட்டு அவர்களுடைய பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். சாப்பாட்டு மேசையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"நான் வேணும்னா வாசிக்கிறேன்" என்றேன்.

நெவிலின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்பா, தயவுசெஞ்சு. இருபத்தொண்ணு தாண்டினவன்லாம் கிழவன்னு சொல்லித்தான் எங்க கூட்டமே சேருது. மேடையில எவன் அப்பனோ நிக்கிறான்னு தெரிஞ்சா அத்தோட கதை முடிஞ்சுது."

"அப்ப பால் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக்கோ. அவருக்கும் இயனை நல்லாத் தெரியும்" என்றாள் மேவிஸ்.

வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் நெவில் என் தலையில் இயனின் பார்க்காவைக் கட்டினான். அதோடு சேர்த்துத் தைத்த தொப்பி மூக்குவரை. அதன்கீழ் கறுப்புக் கண்ணாடி, ஏனென்றால் இந்த வட்டாரத்தில் நான் மீட்டர் பார்க்கப் போய்ப் படிக்கட்டு அடியில் குனியாத வீடு ஒன்றுகூட இல்லை. கட்டளைகள் மூன்று: பேசக் கூடாது, திரும்பக் கூடாது, யாருக்கும் குட் ஈவினிங் சொல்லக் கூடாது. ஆகவே கூட்டத்துக்கு முதுகு காட்டி ஆர்கனைப் போட்டார்கள். 'புகழை வெறுக்கும் முதுகு' என்று எழுதுகிறார் திரு. லேல். ஐயா, சபையிலும் நான் முதுகு காட்டித்தான் உட்காருகிறேன். உலகத்தில் பாதி ஆர்கன்காரர்கள் அப்படித்தான். போதகர் எப்போது எழுந்திருக்கிறார் என்று தெரிய ஆர்கன்மேல் ஒரு சிறு கண்ணாடி வைத்துக்கொள்வோம். இங்கே நெவில் எப்போது பாட ஆரம்பிக்கிறான் என்று தெரிய வேண்டாமா? இயனின் ஸ்கூட்டரில் உடையாமல் மிஞ்சிய கண்ணாடிகளில் ஒன்றைக் கழற்றி ஆர்கன் ஓரத்தில் திருகிக்கொண்டேன். அவ்வளவுதான். திரை விலகியதும் கூட்டம் அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒரு கத்துக் கத்தியது. இப்போது கேள்விப்படுகிறேன், லண்டனில் மூன்று குழுக்களின் ஆர்கன்களில் ஸ்கூட்டர் கண்ணாடி முளைத்திருக்கிறதாம். கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி முழுக்க விளக்கம் இருக்கிறது. படித்தேன், புரியவில்லை.

அடுத்தது வாசிப்பு. 'அமெரிக்கத் தெற்கின் கறுப்பினத் தேவாலயங்களில் ஊறிய, விட்டுப்பிரிய மனமில்லாத நீண்ட கடைசிச் சுரம்' என்கிறார். தேவாலயம் என்பது சரி. எங்கள் சபையில் திருமதி கேதர்கோல் என்று எண்பத்துநான்கு வயது அம்மையார் இருக்கிறார். எந்தப் பாமாலையானாலும் மற்றவர்களைவிட ஒரு வரி பின்னால்தான் வருவார். அவர் வந்து சேரும்வரை கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பது என் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ப்ளூ ஆங்கரில் திருமதி கேதர்கோல் இல்லை. கை கேட்கவில்லை. 'கத்திக் குத்தாக வெட்டி வெட்டி விழும் வலது கை' என்று இன்னொன்று. இயன் ஆறடி இரண்டங்குலம், நான் ஐந்தடி ஐந்து. பார்க்காவின் கை விரல்களை மூடிமூடி விழுந்தது. ஒரு சுரம், உடனே கையை உயர்த்திச் சட்டைக் கையை மேலே தள்ளுவேன், மறுபடி ஒரு சுரம். முடிவாக, கூட்டம் இன்னொரு பாட்டு கேட்டு மேசைகளைத் தட்டியபோது நெவில் நான் கேட்டறியாத ஒரு பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறுப்பின் பண்டிகைக்கு வாசிக்கும் ஞானப்பாட்டு ஒன்றை நான்கு மடங்கு வேகத்தில் விட்டேன். கிரஹாம் டிரம்ஸோடு பின்னால் ஓடிவந்தான். பார்க்காப் பையன்கள் மேசைமேல் ஏறி ஆடினார்கள். சபையில் இந்தப் பாட்டுக்கு யாரும் இதுவரை எழுந்துகூட நின்றதில்லை, எங்கள் போதகர் ஜாடை காட்டினாலொழிய.

ஒரு நிகழ்ச்சி ஐந்தாயிற்று. முதலில் எழுபது பேர், பிறகு நூற்றைம்பது, சென்ற தடவை படியிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். இயனின் மணிக்கட்டு கூடிவிட்டது. வந்து ஒரு நாள் வாசித்தான். கூட்டத்தில் ஒருவன், "தம்பி, நீ போய் டீக்கனை அனுப்பு!" என்று கத்தினான். இயன் நல்ல பையன், அழவில்லை. இப்போது சாமான் தூக்குகிறான். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர், திரு. ஸ்பெல்லர் என்று பெயர், வருகிற சனிக்கிழமை ஒப்பந்தக் காகிதத்தோடு வருகிறார். அவர் நெவிலிடம் சொன்னது இவ்வளவுதான்: "மாட்ஸ் பையன்க வாரத்துக்குப் பத்துக் குழு வர்றானுங்க தம்பி. கோட்டு ஒண்ணு, பாட்டு ஒண்ணு, எனக்கு ஆள் அடையாளமே தெரியல. ஆனா உன்கிட்ட அந்த டெட்ராயிட் ஆளு இருக்காரு பாரு, அவருக்காகத்தான் வர்றேன்." ஆகவே எல்லாம் நல்லபடியாகத்தானே போகிறது, இந்த மனிதனுக்கு என்ன குறை என்று தாங்கள் கேட்கலாம்.

என் குறையைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கடைசிப் பாட்டுக்கு முன்னால் நெவில் எல்லோரையும் அறிமுகம் செய்வான். "டிரம்ஸ்ல கிரஹாம்! பேஸ்ல ட்ரெவர்! ஆர்கன்ல டெட்ராயிட்ல இருந்து வந்திருக்கிற டீக்கன்! அவரு யாருன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க!" கூட்டம் கூரையைப் பிளக்கும். நான் அந்தக் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் இந்தப் பக்கம் திரும்புவதேயில்லை. எனக்கு அது வலிக்கிறது ஐயா. இரண்டு வயதில் அவனை மடியில் வைத்து அந்த ஆர்கனின் ஒரு கட்டையை அழுத்தக் கற்றுக்கொடுத்தேன் என்பதையெல்லாம் அவன் மேடையில் சொல்ல வேண்டாம். எங்கப்பா என்று ஒரு வார்த்தை. வீட்டில் இதைச் சொன்னபோது, "கம்பெனிக்காரர் கையெழுத்துப் போடட்டும்ப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். கையெழுத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்கே அனுப்புவார்களாம். டெட்ராயிட்டுக்கு! அங்கே போய் நான் யார் வீட்டைக் காட்டுவேன்?

மேவிஸ், "பேசாம இருங்க. உங்களுக்கென்ன, வாசிக்கக் கிடைச்சுதில்ல? சபையில நீங்க இவ்ளோ சந்தோஷமா வாசிச்சு நான் பார்த்ததே இல்ல" என்கிறாள். அது உண்மைதான். ஆனாலும் மனிதனுக்குப் பெயர் என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஆகவே மேற்கண்ட நான்கு வரிகளைத் தவறாமல் பிரசுரித்து, சைடு வெண்ட்ஸ் குழுவின் இசைக்கு ஊற்று அதன் பாடகனின் தகப்பனே என்பதை உலகறியச் செய்யுமாறு வேண்டுகிறேன். தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும், திரு. லேல் அவர்களுக்கு மணமாகியிருந்தால் அவர் குடும்பத்தாருக்கும், ஆண்டவர் சகல நன்மைகளையும் அருள்வாராக. அவருடைய காதுகளையும் காப்பாராக.

இங்ஙனம் தங்கள் உண்மையுள்ள,
ஹோரஸ் எட்வின் பென்ஃபோல்டு.

பின்குறிப்பு: ஞாயிறு, 2 செப்டம்பர்.

மேற்கண்டதைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். மேவிஸ் தபால்தலை வாங்க மறந்ததால் வியாழக்கிழமை போக வேண்டிய கடிதம் போகவில்லை. அவள் மறந்தாளா, மறந்தமாதிரி இருந்தாளா என்று நான் கேட்கவில்லை. எட்டுப் பக்கத்தையும் கிழித்துப் போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை படித்துவிட்டுத் தாங்களே கிழித்துவிடவும்.

நேற்று சனிக்கிழமை ப்ளூ ஆங்கரில் கால் வைக்க இடமில்லை. திரு. ஸ்பெல்லர் தூண் ஓரமாகக் காகிதத்தோடு நின்றார். ஒன்பது பாட்டு நன்றாகவே போயிற்று. நெவில் வழக்கம்போல "டெட்ராயிட்ல இருந்து" என்று ஆரம்பிக்கும்போது புழுக்கம் தாங்காமல் நான் ஒரு கணம், ஒரே ஒரு கணம், தொப்பியைப் பின்னால் தள்ளிக் கழுத்தைத் துடைத்தேன். முன்வரிசையில் ஒரு பையன், "டேய்! டெட்ராயிட்டாவது ஒண்ணாவது! அது எங்க வீட்டுக்கு கேஸ் மீட்டர் பாக்க வர்ற பென்ஃபோல்டுடா!" என்று கூவினான். இன்னொருவன், "எங்க வீட்டுக்கும்தான்! எங்கம்மாகிட்ட டீ வாங்கிக் குடிப்பாருடா!" என்றான். நூற்றெண்பது பார்க்காக்களும் சிரித்தன. திரு. ஸ்பெல்லர் நெவிலைப் பார்த்தார். ட்ரெவர், "இல்லன்னு சொல்லுடா, இல்லன்னு சொல்லு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கே கேட்டது. சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் கேஸ் மீட்டர் இல்லை என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் அந்தக் கூட்டம் நம்பியிருக்கும்.

நெவில் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டான். பிறகு, "ஆமா. ஹோரஸ் பென்ஃபோல்டு. எங்கப்பா. அதுக்கென்ன இப்ப?" என்றான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். கண்ணாடி வழியாக அல்ல, நானும் திரும்பிவிட்டேன். கடைசிப் பாட்டை வாசித்தேன் என்று சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

திரு. ஸ்பெல்லர் பாட்டு முடியுமுன்பே காகிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டார். வாசலில் இயனிடம், "எவனாவது பதினெட்டு வயசுப் பையன் வேற ஒருத்தனோட அப்பா படம் போட்ட ரெக்கார்ட வாங்குவானா? பையன் ஜோக் அடிச்சிருந்தா வேற விஷயம். டெம்போவில என்ன எழுதறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் யோசிக்கிறேன்" என்று சொல்லிப் போயிருக்கிறார். நெவிலுக்கு இது தெரியும். வண்டியில் ஆர்கனை ஏற்றும்போது, ஜோக் என்று நாளைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடேன் என்று கெஞ்சினேன். "சொன்னது சொன்னதுதான்ப்பா. மாத்திச் சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் பிடிங்க, கனமா இருக்கு" என்றான். எட்டு மாதக் கனவு, ஐயா, அவனுக்கு.

அவன் சொல்லமாட்டான். ஆகவே தாங்கள்தான் சொல்ல வேண்டும். திரு. லேல் எழுதிய ஒவ்வொரு சொல்லும் சத்தியம் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். சனிக்கிழமை பாடகர் தன் ஆர்கன்காரரை அப்பா என்று அழைத்தது மேடை வேடிக்கைக்காகவே என்றும், ஹோரஸ் பென்ஃபோல்டு என்று ஒரு ஆள் அந்தக் குழுவில் எந்நாளும் இருந்ததில்லை என்றும் அடுத்த இதழில் பெரிய எழுத்தில் போடவும். யார் எழுதிக்கொடுத்தார்கள் என்று நெவிலுக்குத் தெரிய வேண்டாம். அவன் சொன்னதை நான் என் காதால் கேட்டுவிட்டேன். மற்றவர்கள் யாரும் நம்ப வேண்டிய அவசியமில்லை.

இப்படிக்கு,
டீக்கன்,
டெட்ராயிட்.